முன்கையில் ஒரு மாங்காய்

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அடியில், வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கம்பிக்கூண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பூட்டு. முதன்முதலாக அதைப் பார்த்தபோது, மிருகக்காட்சி சாலைக்கு மேலே வீடு பிடித்துவிட்டோமோ என்று நினைத்தேன். கெல்லர் என்கிறார்கள். வேண்டாத சாமானை வைக்கும் நிலவறை. ஊரில் வேண்டாத சாமான் என்றால் பழைய இரும்புக்காரரிடம் போடுவோம், இல்லையென்றால் பரணில் ஏற்றிவிட்டு மறந்துவிடுவோம். இங்கே மறப்பதற்கும் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எர்ஃபுர்ட் என்ற இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகியும், அந்தப் படிகளில் சத்தம் வராமல்தான் இறங்குவேன். யாராவது எதிரில் வந்து, இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். எங்கள் கூண்டு, எங்கள் சாவி, இருந்தும் பயம்.

போன குளிர்காலத்தின் தொடக்கத்தில் மகள் ஜெனியின் பனிக்காலணியைத் தேடி இறங்கியபோது, கூண்டின் மூலையில் எங்களுடையதல்லாத ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்த அம்மாள் விட்டுப்போனது. உள்ளே மடித்து மடித்து வெல்வெட் துணிகள். மெரூன், கரும்பச்சை, மை நீலம். தண்ணீர் தெளிக்கிற பாட்டில், துணியை இழுத்துப் பிடிக்கும் மரவளையங்கள், இறுகி வெடித்துப்போன ரப்பர் அச்சுகள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம் போய், இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துக்கொள் என்றார். சும்மா இருக்காமல் இன்னும் இரண்டு தடவை கேட்டேன். பெட்டி இடத்தை அடைக்கிறது என்று நான் புகார் சொல்வதாக நினைத்துக்கொண்ட அவர், மன்னிப்புக் கேட்டு, அதைக் குப்பையில் போடத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

பெட்டியின் அடியில் செய்முறைத் தாள் ஒன்று கிடந்தது. ஜெர்மன் எழுத்தைப் படிக்கத் தேவையே இருக்கவில்லை, படமே போதும். அச்சின்மேல் வெல்வெட்டைக் குப்புறப் போட வேண்டும். முதுகுப் பக்கம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அயர்ன் பாக்ஸை ஆவி இல்லாமல் வைத்து, நகர்த்தாமல் இருபது எண்ணும்வரை அழுத்த வேண்டும். துணியைத் திருப்பினால் அச்சு மேடாக இருந்த இடத்தில் வெல்வெட்டின் இழை படுத்து மினுங்கும், மற்ற இடம் நிமிர்ந்து நிற்கும். ரப்பர் அச்சுகள் உதவாது. ஆனால் ஊரிலிருந்து வரும்போது, நான் வேலை பார்த்த பீங்கான் யூனிட்டில் சுட்ட சில்லுகள் நாலைந்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். மெருகு பூசாமல் ஒரே ஒரு முறை சுட்டவை, உள்ளங்கை அகலம், மேலே புடைப்பு வேலை. அதில் ஒன்று பட்டுப்புடவைக் கரையில் வருகிற மாங்காய். அந்தச் சில்லின்மேல் மெரூன் வெல்வெட்டைப் போட்டுத் தேய்த்துத் திருப்பிய அன்று, மூன்று வருடத்தில் முதல்முறையாக, எனக்கும் ஏதோ தெரியும் என்ற நினைப்பு வந்தது. சிரித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

விருத்தாசலத்தில் நான் செராமிக் டிப்ளமா முடித்துவிட்டு ஆறு வருடம் அந்தப் பீங்கான் பொம்மை யூனிட்டில் இருந்தேன். சூளை திறந்ததும் முதல் தட்டை வெளியே எடுப்பது என் வேலை. களிமண்ணிலும் உப்புத்தாளிலும் கிடந்து விரல்நுனிகள் காய்த்துப்போயிருக்கும், அவற்றுக்குச் சூடு தெரியாது. அதனால் முன்கையின் உட்புறத்தை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பொருளின்மேல் ஒரு நொடி ஒற்றி எடுப்போம். தாங்கினால் தூக்கலாம், தாங்காவிட்டால் இன்னும் ஆறட்டும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, யூனிட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். என் இரண்டு கையிலும் அதன் புள்ளிகள் உண்டு. கல்யாணத்தின்போது வளையல் போட்டுவிட்ட பெண் அதைப் பார்த்து முகம் சுளித்தது நினைவிருக்கிறது.

பழக்கம் விடுமா? வெல்வெட் வேலையிலும் அதையேதான் செய்தேன். நாலைந்து முறை தேய்த்தால் சில்லு கொதிக்கும், அடுத்த துணியைப் போட்டால் கருகிவிடும். ஒவ்வொரு முறையும் முன்கையை ஒற்றிப் பார்ப்பேன். ஜெனி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஏழு வயது. கை நீட்டாமல் இருக்க மாட்டாள். நம் வீடுகளில் எல்லா அம்மாக்களும் சொல்கிற அதைத்தான் நானும் சொன்னேன்.

"கையக் கிட்ட கொண்டாந்தீன்னா சூடு போட்டுடுவேன் பாத்துக்க."

ஒரு நாளைக்கு நாலு முறை சொல்லியிருப்பேன். சோறு சாப்பிடாததற்குச் சொல்வேன், வீட்டுப்பாடத்துக்குச் சொல்வேன். வாயில் வருவதுதான், மனதில் ஒன்றும் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பருப்பு பொங்கியது என்று எழுந்து போனேன். அரை நிமிடம்கூட இருக்காது. அலறல் கேட்டுத் திரும்பினால், ஜெனி சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறாள். என்னைப் போலவே முன்கையை ஒற்றிப் பார்த்திருக்கிறாள். பயத்தில் உடனே எடுக்கத் தோன்றாமல் அழுத்திவிட்டாள் போலிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் கணவர் அந்தோணி டியூட்டி முடிந்து வந்து மருந்து போட்டார். பெரிய காயமில்லை, ஆறிவிடும் என்றார். ஆனால் காயத்தின் வடிவத்தை இரண்டு பேருமே பார்த்தோம். வளைந்த நுனியோடு, அச்சு அசலாக ஒரு மாங்காய்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. முந்தின நாள் உடற்பயிற்சி வகுப்பில் கட்டு அவிழ்ந்திருக்கிறது. ஆசிரியை கேட்டிருக்கிறார். ஜெனி ஒளிவுமறைவு இல்லாமல் நல்ல ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள்: தொட்டால் சூடு வைப்பேன் என்று அம்மா சொன்னாள், நான் தொட்டேன். இரண்டும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வருவதுதான் பொய். வியாழன் காலை பத்து மணிக்கு டெர்மின், அதாவது நாள் குறித்த சந்திப்பு, குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வருவார் என்று எழுதியிருந்தது. கடிதத்தின் முடிவில் 'அன்பான வணக்கங்களுடன்' என்று இருந்ததைப் பார்த்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மங்கலம்பேட்டையில் வளைகுடாவுக்குப் போன ஆண்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போய், என்ன ஆகுமோ என்று பயப்படுகிறார்கள். நாங்கள் பிள்ளையைக் கையோடு கூட்டிவந்து பயப்படுகிறோம். பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று யாருக்கோ யாரோ சொன்ன கதைகள் எல்லார் போனிலும் சுற்றுகின்றன. எது நிஜம், எது புரளி என்று தெரியாது. அந்த இரண்டு நாளும் ஜெனி பள்ளிக்குப் போனதும் அவள் படுக்கையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் தலையணையை எடுத்து வைப்பேன், திரும்ப அதே இடத்தில் வைப்பேன். சோறு இறங்கவில்லை.

அந்தோணி அந்தப் பெட்டியைக் கட்டிக் கெல்லரில் கொண்டுபோய் வைத்தார். "தோசக்கல்லு சுட்டுடிச்சின்னு சொல்லிடுவோம். நீ ஒண்ணும் பேசாத, நான் பேசிக்கிறேன்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஜெனியை மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"யாராச்சும் கேட்டா தோசக்கல்லுன்னு சொல்லணும், சரியா தங்கம்?"

"தோசக்கல்லு வட்டமா இருக்குமே அம்மா" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் விருத்தாசலத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தாள்.

"நல்லா இருக்குது கத. சூடு போடுவேன்னு சொல்லாத அம்மா எந்த ஊர்ல இருக்குது? அதுக்கெல்லாமா புள்ளய தூக்கிட்டுப் போவாங்க?"

தோசைக்கல் யோசனையைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"எங்கால்ல இருக்குதே, அது என்னான்னு நெனச்சிக்கிட்டு இருக்கிற?" என்றாள்.

அவள் கெண்டைக்காலில் ஒரு நீளத் தழும்பு. அப்பாவின் வண்டி சைலன்சர் சுட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"சைலன்சருதானக்கா."

"கரண்டிடீ. ஸ்கூலுக்குப் போவாம சுத்திட்டு வந்தேன்னு அம்மா வெச்சிது. வெச்சிட்டு அதுவே ஒரு வாரம் ஒழுங்கா சோறு திங்கல, எண்ண தடவித் தடவி அழுவுது. டீச்சர் கேட்டா சைலன்சருன்னு சொல்லுன்னு அம்மாதான் சொல்லிச்சி. சொன்னேன். என் வூட்டுக்காரருகிட்டகூட அதான் சொல்லியிருக்கிறேன்." குரலை உயர்த்தினாள். "உம்புள்ளைக்கு நீ வெக்கல. அப்பறம் எதுக்கு அதுக்குப் பொய் சொல்லக் கத்துத் தர்ற?"

போனை வைத்த பிறகு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதுவரை அதிகாரிகளை நினைத்துத்தான் பயந்தேன். இப்போது என் வாயை நினைத்துப் பயந்தேன். ஒன்றுமில்லாத வார்த்தை என்று நான் நாளுக்கு நாலு முறை சொன்னது, என் வீட்டிலேயே அக்காவின் காலில் நிஜமாக நடந்திருக்கிறது. அம்மாவும் எனக்கு முன்னால் பலமுறை சும்மாதானே சொல்லியிருப்பாள்? எந்த முறை சும்மா இல்லாமல் போனது?

வியாழன் காலை, அந்தோணி தடுக்கத் தடுக்க, பெட்டியைத் திரும்ப மேலே கொண்டுவந்து ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டேன். பள்ளியில் ஒரு சின்ன அறை. வகுப்பு ஆசிரியை, அலுவலகத்துப் பெண், நாங்கள் இருவர். வணக்கம் சொன்ன கையோடு நான் பையிலிருந்து அயர்ன் பாக்ஸை எடுத்து மேசையில் வைத்தேன். அலுவலகத்துப் பெண் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஐயோ, ஆரம்பமே கெட்டது என்று நினைத்தேன். என் அரைகுறை ஜெர்மனில் சூளை, வேலை, பழக்கம் என்று ஏதேதோ சொல்லி, சட்டைக் கையை ஏற்றி என் புள்ளிகளைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, என் கணவரைப் பார்க்காமல் கேட்டார்: "உங்களைச் சுட்டது யார்?"

அந்தோணி என்னைத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை, யாருமில்லை என்று பதறிச் சொல்லிவிட்டு, இனிமேல் பேச்சு உதவாது என்று பிளக்கைச் சொருகினேன். சில்லை வைத்தேன், வெல்வெட்டைக் குப்புறப் போட்டேன், தண்ணீர் தெளித்து அழுத்தினேன். அவசரத்தில் முதல் மாங்காய் இரட்டையாக விழுந்தது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதற்குத் துணியை எடுக்கும்போது, நான் நினைக்காமலேயே, என் முன்கை போய்ச் சில்லின்மேல் ஒற்றி எடுத்தது. ஆசிரியை சட்டென்று எழுந்துவிட்டார். "இதைத்தான், இதைத்தான் ஜெனி செய்து காட்டினாள். ஹீட்டரில். எனக்குப் புரியவில்லை" என்றார்.

அலுவலகத்துப் பெண் வெல்வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "அந்த வாக்கியம்? அதைச் சொன்னீர்களா?" என்று கேட்டார். அந்தோணி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"சொன்னேன்" என்றேன். "தினமும் சொல்வேன். செய்ய மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒருமுறை செய்திருக்கிறார்கள். எனக்கு நேற்றுதான் தெரியும்." அதற்குமேல் எனக்கு ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதியதை எங்களிடம் காட்டவில்லை.

பிறகு ஜெனியைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். கடைசியில் வந்து, குழந்தை உங்களோடு வரலாம் என்றார்கள். சில மாதங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றும் சொன்னார்கள். அவளுடைய கையின் படம் அந்தக் கோப்பில் இருக்கிறது. இதை எழுதும்போதும் கோப்பு மூடப்படவில்லை.

அந்தோணி அங்கிருந்தே டியூட்டிக்குப் போனார். நானும் ஜெனியும் டிராமில் ஏறினோம்.

"அம்மா, அவங்க ஒன்னப் பத்திக் கேட்டாங்க. ஒனக்கு அம்மாவப் பாத்தா பயமா இருக்குதான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஜெர்மன்ல கேட்டாங்க. பயமில்லன்னு சொன்னேன்."

"தமிழ்ல கேட்டிருந்தா?"

"தமிழ்ல யாருமே கேக்கலையே" என்றாள்.

நான் கேட்டிருக்கலாம். அடுத்த நிறுத்தம் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன், தைரியம் வரவில்லை. அவள் கட்டுப்போட்ட கையை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, கடந்துபோகிற கடைப் பெயர்களை ஒவ்வொன்றாக ஜெர்மனில் படித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையை என் கைக்குள்ளேயே விட்டிருந்தாள்.