பச்சைத் தாளில் மூன்று வரி

என் அக்கா மார்லிஸ் ஒவ்வொரு டிசம்பரிலும் அறுபத்திரண்டு வீடுகளுக்கு ஒரே கடிதம் அனுப்புவாள். அந்த வருஷம் குடும்பத்தில் நடந்த நல்லதெல்லாம் அதில் வரும். மகள் ஜோலீனுக்கு வேலை உயர்வு, பேரனுக்கு முதல் பல் விழுந்தது, கூரை மாற்றியது, நாய் முள்ளம்பன்றியிடம் மூக்கைக் கொடுத்துவிட்டு வந்தது. மினசோட்டாவின் வடக்கே, எங்கள் ஊரில், இப்படிக் கடிதம் எழுதாத வீடு குறைவு. ஆனால் அக்காவுடையதைத்தான் சொந்தக்காரர்கள் ஃபிரிட்ஜ் கதவில் மாட்டி வைப்பார்கள். சர்ச் அலுவலகத்து மெஷினில், பச்சைத் தாளில் நகல் எடுப்பாள்.

எனக்கும் அதில் ஒரு வரி உண்டு. நான் கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன், பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். "கோர்டி இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊர்ப் பெண்கள் பயமில்லாமல் இருக்கலாம்" என்று ஒரு வருஷம் எழுதினாள். ஆனால் எனக்குக் கடிதம் வராது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஸ்டாம்பு தண்டம் என்பாள். அதனால் இந்த வருஷம் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் காபி குடிக்கப் போனேன். அக்கா சர்ச்சில் லெஃப்சா ரொட்டி சுடப் போயிருந்தாள். வாசலோரம் அட்டைப்பெட்டி இருந்தது. உறைகள் ஒட்டி, விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி எல்லாம் தயார். வருஷா வருஷம் அதைத் தபாலில் சேர்ப்பது என் வேலைதான். எடுத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்து, அவள் சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வாசல்ல இருந்த பெட்டி எங்கடா?"

"போட்டாச்சு. நன்றியெல்லாம் வேணாம், காபி ஊத்து, போதும்."

நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். கைவிரல் மாவு அதில் அப்பியது.

"தபால் லாரி மூணு மணிக்குத்தானே? ஓடு. திருப்பி வாங்கிட்டு வா."

"ஏன், ஸ்டாம்பைத் தலைகீழா ஒட்டிட்டியா?"

"ஓடுடா, கோர்டி!"

அந்தக் குரலை நான் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன், அவள் புருஷன் லைல் உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்கப் போய்த் தூண்டிலோடு சரிந்து கிடந்த அன்று. ஓடினேன்.

தபால் ஆபீஸ் வேர்னா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். போன மாதம் அவள் வீட்டு வாசல் தபால்பெட்டியை என் லாரியின் பனி தள்ளும் தகடு சாய்த்துவிட்டது. நான் உள்ளே நுழையும்போதே தபால் லாரி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்து அதை!"

"ஏன், அதையும் இடிக்கணுமா? என் பெட்டியோட ஆசை தீரலையா உனக்கு?"

"வேர்னா, அக்காவோட கடிதம். திருப்பிக் குடு."

"குடுத்தது குடுத்ததுதான், ராசா." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல" என்றேன். ஏன் ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பிப் போனபோது அக்கா கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கையைப் பார்த்ததும் சொல்ல ஆரம்பித்தாள். இடது மார்பில் கட்டி. போன வாரம் டுலூத் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வருகிற செவ்வாய்க்கிழமை வரும். சர்ச் மெஷின் திங்கட்கிழமை மட்டும்தான் கிடைக்கும் என்பதால் கடிதத்தை இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் நகல் எடுத்து வைத்திருக்கிறாள். நல்லதை உறையில் போட்டுவிட்டாள். கெட்டது படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில்.

"நல்லது வந்தா அப்படியே அனுப்பலாம்னு. இல்லன்னா பிரிச்சு மாத்திடலாம்னு."

"என்னன்னு எழுதின?"

மிஞ்சிய ஒரு தாளை நீட்டினாள். என்னைப் பற்றி, மூன்று தபால்பெட்டிகளைக் கொன்றேன் என்று இருந்தது. கடைசியில் மூன்று வரி: 'இலையுதிர்காலத்தில் எனக்கு ஒரு சின்ன பயம் வந்தது. மார்பில் கட்டி. வெறும் கொழுப்பாம், தொலைந்தது.'

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சியை தினம் பாக்கணுமே. இப்ப பாரு, எப்படி இருக்குன்னு."

நான் பயந்ததற்குக் காரணம் வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே டிசம்பர்க் கடிதத்தில் அவள், 'டாக்டர் லைலுக்கு நூறு வயசு என்கிறார்' என்று எழுதினாள். ஜனவரி ஒன்பதாம் தேதி லைல் போனான். அந்த வாரம் கடிதத்துக்குப் பதில் வந்த வாழ்த்து அட்டைகளும் துக்க அட்டைகளும் ஒரே கட்டாக வந்தன. நான்தான் பிரித்துப் பிரித்து அடுக்கினேன். அதற்குப் பிறகு உடம்பைப் பற்றி அவள் ஒரு சொல் எழுதியதில்லை. இந்த வருஷம் ஆசைப்பட்டு எழுதிப் பார்த்தாள். அதை நான் தூக்கிக்கொண்டு போய் ஊரெல்லாம் இறைத்துவிட்டேன். சகுனத்திலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன்தான் நான். இருந்தாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை போன் அடிக்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியாக இருக்கலாம் என்பதால் எடுக்காமலும் இருக்க முடியாது. ஒவ்வொரு முறை மணியடித்ததும் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரர்கள்.

"ஆமா... ஆமா, நிம்மதிதான்... உனக்கும் பண்டிகை வாழ்த்து."

வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். திங்கட்கிழமை முடியாமல் போய், "நீ எடுடா" என்றாள்.

எடுத்தேன். ஃபார்கோவிலிருந்து எங்கள் சித்தப்பா மகன் எல்டன்.

"உங்க அக்கா எமனுக்கே டாட்டா காட்டிட்டாளாமே! இரும்புடா அவ!"

"ம்."

"என்னடா ம்? சந்தோஷமா இருக்கத் தெரியாதா உனக்கு?"

"லாரியை எடுக்கணும், வைக்கிறேன்" என்று வைத்தேன். என் சட்டை முதுகு நனைந்திருந்தது. வெளியே மைனஸ் இருபது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு அடித்தது. நான் எடுத்தேன். ஒரு நர்ஸ். அக்காவிடம்தான் பேசுவாளாம். கொடுத்தேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "சரி" என்றாள். "பத்தொன்பதாம் தேதியா? சரி." கடைசியில், "உங்களுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல சேதி என்றால் அவள் அழுதிருப்பாள்.

"கெட்டதுதான். சின்னதாம். பத்தொன்பதாம் தேதி வெட்டி எடுக்கணுமாம்" என்று உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அறுபத்திரண்டு வீட்டுல நான் நல்லா இருக்கேன். இந்த ஒரு வீட்டுலதான் இல்ல."

"கட்டிலடிப் பெட்டியை எடுக்கவா? நானே ஸ்டாம்பு ஒட்டறேன்."

"தொடாதே. நீ தபாலுக்குப் போனது போதும்." பிறகு குரலை இறக்கினாள். "பண்டிகை முடியட்டும். அதுவரைக்கும் அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்."

"ஜோலீன்?"

"அவளும்தான். முதல் உறை அவளுக்குத்தானே எழுதினேன்."

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பனி தள்ளப் போனால் தகடு எங்கே இடிக்கிறது என்றே தெரியவில்லை. ஆபரேஷன் அன்று அவளோடு இருக்கப்போவது நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அரிசோனாவில் இருக்கிற ஜோலீனிடம் என்னவென்று சொல்வேன்? உன் அம்மா நன்றாக இருப்பதாகப் படித்தாயே, அது நான் செய்த வேலை என்றா? வியாழக்கிழமை லாரியைக் கொட்டகையில் விட்டுவிட்டு அங்கிருந்தே போன் போட்டேன்.

"ஜோலீன், நான்தான். அந்தக் கடிதத்துல கடைசியா இருக்கே, மூணு வரி..."

"பொய்தானே, மாமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா போனதுலேருந்து அம்மா உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினதில்ல. இந்த வருஷம் மூணு வரி. போன் பண்ணா அவங்க மழுப்பறாங்க. பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துட்டேன். நீயாவது சொல்லுவியான்னு பாத்துட்டிருந்தேன். எவ்ளோ மோசம்?"

தெரிந்ததைச் சொன்னேன். அவள் அழும் சத்தம் கேட்டது. நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் தொப்பியைக் கையில் வைத்து முறுக்குவதைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"வர்றாளா?"

"பதினெட்டு."

திட்டுவாள் என்று நின்றேன். இன்னும் இரண்டு கிழங்கை எடுத்து வைத்தாள், பிறகு பெண் வர ஒரு வாரம் இருக்கிறது என்று நினைவு வந்தவள்போல அவற்றைக் கூடையில் திரும்பப் போட்டாள்.

"மாடிக் கட்டில்ல விரிப்பு மாத்தணும்" என்று எழுந்து போனாள்.

படியில் அவள் காலடி கேட்டது. நாலு படி ஏறினாள், நின்றாள். மறுபடி இரண்டு. அவள் நின்ற ஒவ்வொரு முறையும் நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த காலடி வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.