ஏழு விரல் இலையும் எட்டுச் சுற்றுகளும்

மலத்தில் இரத்தம் வருவதை நான் பதினேழு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாட்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்ததால் கணக்கு சரியாகத் தெரியும். மூலம் என்று நினைத்துக்கொண்டேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் தன் கழிவைக் குனிந்து பார்ப்பதே அசிங்கம். அதை மகளிடம் விவரிப்பது அதைவிட அசிங்கம்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு புள்ளி வைக்க நேர்ந்தால் இரண்டாவது புள்ளிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நான் யாங்கூன் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு. ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பகுதியில் நாங்கள் இருக்கும் நான்காம் மாடிக்கு அறுபத்தெட்டுப் படிகள். மின்தூக்கி இல்லை.

அரசு மருத்துவமனையில் குடல் நோக்கிச் சோதனை (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். கட்டி இருந்தது, வெட்டி எடுத்தார்கள். பக்கத்திலிருந்த நிணநீர்க் கணுக்களில் (கிருமியை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பதினான்கை எடுத்துப் பார்த்ததில் இரண்டில் நோய் பரவியிருந்தது. எனவே கீமோ (புற்று அணுக்களைக் கொல்லும் மருந்துச் சிகிச்சை) எட்டுச் சுற்று என்றார் டாக்டரம்மா. ஒரு நாள் சொட்டு மருந்து, பதினான்கு நாள் மாத்திரை, பிறகு ஆறு நாள் ஓய்வு. இது ஒரு சுற்று. "எட்டையும் முடிக்கணும், பாதியில விடக் கூடாது," என்று இரண்டு முறை சொன்னார்.

சொட்டு மருந்து வார்டில் இருபத்திரண்டு நாற்காலிகள், கழிவறை ஒன்று. யாரோ எடுத்த வாந்தியின் மேல் பினாயில் ஊற்றியிருப்பார்கள். அதன் மேல் யாரோ கொண்டுவந்த மீன் குழம்பின் வாடை. மூன்றும் சேர்ந்து என் சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்தன. சட்டையை மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்தாள் மகள். அப்புறமும் என் மூக்கு அதைக் கண்டுபிடித்தது.

முதல் சுற்றில் பதினொரு முறை வாந்தி. இரண்டாவதில் பத்தொன்பது. மூன்றாவதில் இருபத்தாறு. குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் ஊசியாய்க் குத்தியது. வாயில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி. சோறு கொதிக்கும் மணம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் வியர்வையே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தத் தாளை நான் டாக்டரம்மாவிடம் காட்டவில்லை. இதுதான் என் தவறு.

பர்மிய மொழியில் 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுவது, அவர் முகம் கோணிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வது. நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம், அது எங்கள் இரத்தத்திலும் கலந்துவிட்டது. டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே நாற்பது பேர் நிற்பார்கள். அவர் நிமிர்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லாயிருக்கேன்," என்று சொல்லி எழுந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான்.

மூன்றாவது சுற்று முடிந்ததும், இனி போவதில்லை என்று மகள் தனத்திடம் சொன்னேன். அவள் லைங் தாயா என்ற புறநகரில் ஒரு தையல் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். விடியும் முன்பே ஆலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். அவள் என்னிடம் வாதாடவில்லை. பாங்காக்கில் சமையற்கூடத்தில் வேலை செய்யும் தன் தம்பி முருகேசனை அழைத்து அழுதாள்.

பத்து நாளில் ஒரு பொட்டலம் வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் சரோஜா. இரண்டாம் மாடியில் இருப்பவள், மிங்கலா சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறாள். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மாதம் ஒருமுறை பாங்காக் போய்ச் சரக்கு எடுப்பாள். எங்கள் ஆட்களில் யார் வெளியூர் போனாலும் மற்றவர்கள் சாமான் கொடுத்தனுப்புவது வழக்கம். ஊறுகாய், மருந்து, பூசைச் சாமான், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக அர்த்தம்.

எங்கள் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கவ்வி. பேப்பர், ரொட்டி எல்லாம் அதில்தான் மேலே வரும். சரோஜா தன் பால்கனியிலிருந்தே அந்தக் கயிற்றை எட்டிப் பிடித்துப் பொட்டலத்தை மாட்டிவிட்டு, "மாமா, இழுங்க," என்று குரல் கொடுத்தாள். இழுத்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

துண்டுக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பி. மேலே கூந்தல் தைலம் என்று தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருந்தது. முருகேசன் போனில் பேசினான்.

"மூலிகை எண்ணெய்ப்பா. நாக்குக்கு அடியில மூணு சொட்டு."

"கூந்தல் தைலம்னு போட்டிருக்கே."

"குப்பி கிடைக்கலப்பா. எல்லாத்தையும் எண்ணாதீங்க, சும்மா சாப்பிடுங்க."

புல்லை மென்று துப்பியது போல ஒரு நாற்றம். அதை நம்பி நான்காவது சுற்றுக்குப் போனேன், போய் வந்த மறுநாள் மூன்று சொட்டு விட்டுக்கொண்டேன். பொய் சொல்லக் கூடாது, குமட்டல் குறைந்தது. அன்று இருபத்திரண்டு கரண்டி கஞ்சி குடித்தேன். ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ண உட்கார்ந்தால் ஆறுக்குப் பிறகு ஏழு வர மறுத்தது. என் கை எனக்கு வெகு தூரத்தில் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் வாந்தி ஒன்பதுதான். மகனிடம் நானே கேட்டேன்: "சரோஜா அடுத்த தடவை வர்றப்போ ரெண்டு குப்பி குடுத்தனுப்பு."

அதைக் கேட்டது என் வாய். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் பயனில்லை.

சரோஜா பாங்காக்கிலிருந்து திரும்ப வேண்டிய வெள்ளிக்கிழமை காலை, ஈரக் கையால் குப்பியை எடுத்தேன். மேலே இருந்த லேபிள் நழுவி வந்தது. அடியில் இன்னொரு லேபிள், அதில் பச்சை நிறத்தில் ஓர் இலை. இலையின் விரல்களை எண்ணினேன். ஏழு.

துறைமுகத்தில் ஒருமுறை சுங்கத்துறை பிரித்துப் போட்ட மூட்டையில் அந்த இலையைக் காய்ந்த நிலையில் பார்த்திருக்கிறேன். அந்த மூட்டையோடு வந்தவன் பிறகு எங்கள் கண்ணில் படவே இல்லை.

அறுபத்தெட்டுப் படி இறங்கித் தெருமுனையில் இருக்கும் ஊ தெய்ன் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்ற வக்கீல், என்னைவிட நாலு வயது மூத்தவர். பர்மியர், 'ஊ' என்பது இங்கே பெரியவர்களுக்கான மரியாதைச் சொல். கஞ்சா பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

"இந்த வயசுல தெரிஞ்சுக்கிட்டு எந்தப் பரீட்சை எழுதப் போறீங்க?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை உங்களுக்காக எழுதுகிறேன். நம் நாட்டில் கஞ்சா போதைப்பொருள். இலை, பூ, அதிலிருந்து வடித்த எண்ணெய் எல்லாம் ஒன்றுதான். வாங்குவது குற்றம். வைத்திருப்பது குற்றம், குப்பி சின்னது என்பது பதிலாகாது. நோய்க்காகத்தான் என்று சொன்னாலும் தப்ப முடியாது, டாக்டர் சீட்டும் காப்பாற்றாது. இதற்கே வருடக்கணக்கில் சிறை. எல்லை தாண்டிக் கொண்டுவருவதற்குத் தண்டனை இன்னும் பெரிது. தாய்லாந்தில் சில ஆண்டுகளுக்கு முன் தடையை நீக்கினார்கள், தெருவெல்லாம் கடை வந்தது. பிறகு பூ வாங்க டாக்டர் சீட்டு வேண்டும் என்று இறுக்கினார்கள். ஆனால் கடையில் விற்ற காலத்திலும் அதை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போவது அங்கேயும் தப்புதான்.

"அங்க வாங்கினவனுக்கு அங்கத்துச் சட்டம், இங்க குடிச்சவனுக்கு இங்கத்துச் சட்டம்," என்றார். "நடுவில பையில தூக்கிட்டு வர்ற ஆளுக்கு ரெண்டும்."

"உள்ள என்னன்னு அந்த ஆளுக்குத் தெரியாதுன்னா?"

"எல்லாருமே தெரியாதுன்னுதான் சொல்றாங்க." என்னை அனுப்பக் கதவைத் திறக்கும்போது, "போன்ல அந்தச் சாமான் பேரைச் சொல்லிடாதீங்க," என்றார்.

திரும்பி ஏறும்போது இருபத்தொன்பதாவது படியில் வாந்தி எடுத்தேன். அது கீமோவினால் வந்ததில்லை.

இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. பதிமூன்றாவது முயற்சியில் முருகேசன் எடுத்தான்.

"அது இங்க கடையில விக்குதுப்பா. எல்லாரும் வாங்குறாங்க."

"சரோஜாகிட்ட சொன்னியா?"

"சொன்னா சரோஜாக்கா கொண்டு வருவாங்களா?"

அந்த வாக்கியம் என் மகன் வாயிலிருந்து வந்தது. எந்த வாந்தியும் அவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை. இரண்டு குப்பி அனுப்பச் சொன்னவன் நான் என்பது அதோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். அவனை மேலே ஒன்றும் சொல்லாமல் சரோஜாவை அழைத்தேன். அவள் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தாள்.

"சரோஜா, முருகேசன் குடுத்த பொட்டலத்தைக் கீழ போட்டுடு. ஏர்போர்ட்டுக்குள்ள கொண்டு போகாத."

"உங்க மருந்தையா? எப்படி மாமா தூக்கிப் போடுறது? தம்பி அவ்வளவு தூரம் வந்து குடுத்துட்டுப் போச்சு."

"மருந்து வேண்டாம்மா."

"என்ன மாமா, காசு போட்டு வாங்கினதை. எனக்கு ஒண்ணும் பாரமில்ல."

பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? "சுங்கத்துல பிடிக்கிற சாமான்," என்றேன்.

டாக்ஸியின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. நான்கு முறை.

"என் பையிலயா?"

"ஆமா."

"போன தடவையுமா?"

"ஆமாம்மா."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

"இன்னிக்குக் காலையிலதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். பொட்டலத்தை எறிந்தாளா, இல்லையா? திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. என்னிடமிருந்த குப்பியைக் கழிவறையில் கவிழ்த்து, பதினெட்டுக் குவளை தண்ணீர் ஊற்றினேன். கண்ணாடியைத் துணியில் சுற்றி நொறுக்கினேன். நாற்றம் விரலில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு சரோஜாவின் பிள்ளைகள் இரண்டும் எப்போதும் போல எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தன. "அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க தாத்தா?" என்று சின்னது பர்மிய மொழியில் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று நான் எந்தச் சொட்டும் விட்டுக்கொள்ளவில்லை, அப்படியும் ஆறுக்குப் பிறகு ஏழு வரவில்லை.

ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சரோஜா. கயிற்றைத் தொடவில்லை, தன் மாடியில் நிற்கவும் இல்லை. நேரே மேலே ஏறி வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. பிள்ளைகள் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன.

"போட்டுட்டேன்," என்றாள்.

"என்னை மன்னிச்சிடு சரோஜா. தெரிஞ்சிருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேன்."

"நீங்க உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தாக்கூட ஆனாடேல நான் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன், மாமா. டாக்ஸியிலருந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டே வர்றேன்."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஐந்தாவது சுற்றுக்குப் போவதா, விடுவதா? எண்ணெய் இல்லை. விட்டுவிட என்னிடம் காரணம் இருந்தது. ஆனால் ஒருத்தியின் கழுத்தைப் பணயம் வைத்துக் குடித்த இருபத்திரண்டு கரண்டிக் கஞ்சி வயிற்றில் இருக்கும்போது, வாந்திக்குப் பயந்து வீட்டில் உட்கார எனக்கே வெட்கமாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா, "எப்படி இருக்கீங்க?" என்றார். வெளியே நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள். தாளை மேசையில் விரித்தேன். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகளை அவர் விரலால் தொட்டு எண்ணினார்.

"அறுபத்தஞ்சா? நாலு தடவையும் நல்லாயிருக்கேன்னுதானே சொன்னீங்க?"

"நீங்க வேலையா இருந்தீங்க."

"இது என் வேலை இல்லையா?"

எண்ணெயைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்டார். எத்தனை சொட்டு, எத்தனை நாள், தலை சுற்றியதா, நெஞ்சு படபடத்ததா என்று விசாரித்தார். எதையும் எழுதவில்லை. பிறகு பேனாவைத் திறந்து ஒரு மாத்திரை எழுதினார். மனநோய்க்குத் தருவதுதான், குறைந்த அளவில் கொடுத்தால் கீமோ குமட்டலை அடக்கும் என்றார். மருத்துவமனை வாசல் மருந்துக் கடையிலேயே கிடைத்தது. எல்லைக்கு அப்பால் போய் நாங்கள் தேடியது அந்த வாசலில், ஒரு டப்பாவில் இருந்தது. ஐந்தாவது சுற்றில் வாந்தி நான்கு. அந்த மாத்திரை என்னைப் பகலிலும் தூங்க வைத்தது. ஆனால் விழித்திருந்த வேளையில் ஆறுக்குப் பிறகு ஏழு வந்தது.

எல்லோருக்கும் அதே மாத்திரை பொருந்தும் என்று சொல்லவில்லை. தாளைக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

எட்டும் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. விரல் நுனிகள் மட்டும் மரத்துப்போய்விட்டன, அந்த மருந்து நரம்பைத் தின்னுமாம். சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். தொட்டு எண்ணியே பழகிய கைக்கு, இப்போது எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு துணி இருப்பது போல இருக்கிறது.

போன வாரம் பாங்காக் கிளம்பும் சரோஜாவிடம் முருகேசனுக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பத் தனம் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். கயிற்றில் மாட்டி இறக்கப் போனேன். கீழேயிருந்து, "இருங்க மாமா, நான் வர்றேன்," என்ற குரல் கேட்டது. சரோஜா ஏறி வந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பிரிச்சுக் காட்டுங்க," என்றாள்.

"ஊறுகாய்தாம்மா."

"தெரியும். பிரிங்க."

தனம் முடிச்சை இறுக்கிப் போட்டிருந்தாள். என் விரலுக்கு நுனி கிடைக்கவில்லை. நழுவியது, மறுபடி பிடித்தேன், மறுபடி நழுவியது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவிழும் வரைக்கும் இருவரும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.