முக்கால் இஞ்சு

ஊசி இறந்து முப்பத்தாறு நாளாகிவிட்டது. மீட்டருக்கு இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

காலையில் செய்தித்தாளை விரித்தால் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. எழுந்து ஜன்னல் வரை போவார். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சமையலறைக் குழாயை இறுக்கப் போவார், அது ஒழுகவில்லை. மூன்று மாடி இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக இருக்கும் மின்சார மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கை தானாகச் சட்டைப்பைக்குப் பேனா தேடிப் போகும். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. மறுபடி மூன்று மாடி ஏறி வந்தால் மனைவி குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிராமல் கேட்பாள்: "உக்காருங்களேன். நாற்காலி என்ன கடிக்குதா?"

கடிக்கத்தான் செய்தது.

முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து எழுதியவர் என்பதால் மீட்டர் என்பது ஊசி வைத்த பெயர். ஊசிக்குப் பெயர் வைத்தவர் இவர். ஏழு வயதில், ஒரே பெஞ்சில், அவன் ஒல்லியாக இருந்ததற்காக வைத்தது. பிற்பாடு அவன் தையல்காரனானான். "நான் பேர் வெச்சதாலதான்டா உனக்குத் தொழிலே கெடச்சுது" என்று இவர் சொல்வதுண்டு. "அப்ப உனக்கு நான் மந்திரின்னு வெச்சிருக்கணும்" என்பான் அவன்.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மதில்மேல் இருவரும் ஏறினார்கள். நீ குதி, பின்னாலேயே நான் குதிக்கிறேன் என்றான் ஊசி. இவர் குதித்தார். அவன் குதிக்கவில்லை. ஏறிய வழியாகவே மெல்ல இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, இடது தோளெலும்பு உடைந்து கிடந்தவனைக் குனிந்து பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டான். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கதை கூடவே வந்தது. ஊசியின் கல்யாணத்தில் பெண்வீட்டாரைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "மாப்பிள்ளை தங்கமான ஆளு. என்ன, குதிக்க மாட்டார்." அவனுக்கு மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்சிடம் சொன்னார். எல்லோரும் சிரிப்பார்கள். வாயில் கடித்த குண்டூசிகளோடு ஊசியும் சிரிப்பான். வேறெதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவன் இதற்கு மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. குண்டூசி இருப்பதால் என்று மீட்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவன் கடை, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலம். ஒரு மெஷின், வெட்டுகிற பலகை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு முக்காலி. முக்காலி மீட்டருக்கு. ரவுண்டு முடிந்து வருகிறபோது அதில் பத்து நிமிஷம் உட்காருவார். யோசித்துப் பார்த்தால், வாழ்நாளில் அவர் ஒழுங்காக உட்கார்ந்தது அந்த முக்காலியில்தான்.

ஊருக்கெல்லாம் அளவு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் இருந்தது. இவருக்கு இல்லை. ஒவ்வொரு சட்டைக்கும் புதிதாக அளவெடுப்பான். கடைக்கு வெளியே, வெளிச்சத்தில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வான். நாடாவை எடுப்பதற்கு முன்னால் இடது தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பான்.

"என்னடா, ஆசீர்வாதமா?"

"மூச்சு விடாம நில்லு. மீட்டர் ஓடுது."

அவன் தைத்த சட்டை உடம்பில் இருப்பதே தெரியாது. அதனாலேயே மீட்டருக்கு ஒரு கொள்கை உண்டாயிற்று. உலகத்திலுள்ள ரெடிமேட் சட்டை அத்தனையும் கோணல். ஒருமுறை மருமகன் வாங்கித் தந்ததைப் போட்டுப் பார்த்தார். கழுத்திலிருந்து இடது கக்கம் வரை குறுக்கே மடிப்பு விழுந்தது. கம்பெனிக்காரனுக்குக் கை நேராக வருவதில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினார். அலுவலகத்தில் கொடுத்த பை இடது தோளில் நிற்காமல் வழுக்கி விழும். அதற்கும் வார் சரியில்லை என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்து, வேறு பை வாங்கி, அதுவும் வழுக்கி, கடைசியில் வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசிச் சண்டையும் சட்டையால்தான் வந்தது. வெளியூரில் இருக்கும் மகள் வெளிர்நீலத் துணி ஒன்று அனுப்பியிருந்தாள், அடுத்த முறை வரும்போது போட்டுப் பார்க்க வேண்டும் என்று. துணி மூன்று வாரமாக ஊசியின் அலமாரியில் கிடந்தது. மீட்டர் கேட்கப் போனபோது அவன் நூல் கோத்துக்கொண்டிருந்தான். நூல் மூன்று தடவை தப்பியது. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"கண்ணு போச்சுடா உனக்கு. ஒத்துக்கோ. அடுத்தவன் துணிய நாசம் பண்றதுக்குள்ள கடைய மூடு. இதுக்காவது குதி."

ஊசி நூல் முனையை நாக்கில் ஈரப்படுத்தி, நாலாவது தடவையில் கோத்தான். "சட்டை வரும், போ" என்றான்.

முக்காலியில் உட்காராமலே மீட்டர் திரும்பி வந்தார். நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அவனே கூப்பிடட்டும் என்றிருந்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் மெஷின்மேல் தலை வைத்துச் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் ஊசியின் மனைவி கடையைக் காலி செய்தாள். யார் யார் துணி என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தவள், இவர் வீட்டுக்கு ஒரு சின்ன மூட்டையோடு வந்தாள். வெளிர்நீலத் துணி. வெட்டி, சாக்கட்டிக் கோடுகளோடு, மிச்சமான கரைத்துணியால் கட்டி வைத்தது. தைக்கவில்லை.

"நீங்க வந்துட்டுப் போனதுக்கு மறுநாள் வெட்டினது அண்ணே" என்றாள். "அன்னிக்கு வேற யார் துணியையும் தொடல. சாயந்திரம் வரைக்கும் இது ஒண்ணுதான்."

மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்றதும் மீட்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முதல் கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த வெட்டு சரியில்லை, நாங்கள் கை வைக்கமாட்டோம் என்றார்கள். தொழில் பொறாமை என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்தது கடைவீதியில் ஐந்து மெஷின் ஓடுகிற பெரிய கடை. அங்கிருந்த மாஸ்டர் பொறுமையான ஆள். முன்பக்கத் துண்டுகள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். கீழே எல்லாம் பொருந்தியது. தோளில் பொருந்தவில்லை. கழுத்தருகே ஒன்றாகத் தொடங்கி, போகப்போக விலகி, கை சேரும் இடத்தில் இடது துண்டு கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே போயிருந்தது.

"யார் சார் வெட்டினது?"

"ஒரு சிநேகிதன்."

"வயசானவரோ?" என்றார் மாஸ்டர். குத்தலாகச் சொல்லவில்லை.

மீட்டருக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. தான் சொன்னது சரியாகிவிட்டது. கண் போய்விட்டது. பேச்சு வாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இந்த ஒரு சட்டையை வெட்டியிருக்கிறான், அதுவும் கோணலாக. வெட்டி முடித்ததும் அவனுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் கட்டி ஓரமாக வைத்துவிட்டானா? அப்புறம் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானா?

வலது பக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டிச் சமமாக்கிவிடலாம் என்றார் மாஸ்டர். ஆகட்டும் என்றார் மீட்டர். சீக்கிரம் ஆகட்டும். அந்தத் தப்பை இன்னொரு ஆள் பார்க்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. மனைவி துவைத்து உலர்ந்த துணிகளை மேஜைமேல் குவித்திருந்தாள். கைக்கு வேலையாகட்டும் என்று ஒரு சட்டையை எடுத்தார். மடிக்கத் தெரியாது, சற்றுமுன் மாஸ்டர் வைத்துக் காட்டியது போல இடது பாதியை வலது பாதியின்மேல் போட்டார். தோள் பொருந்தவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டார். அதே கட்டைவிரல் அகலம். இன்னொன்றை எடுத்தார். அலமாரியைத் திறந்து, மகள் கல்யாணத்துக்குத் தைத்தது, ஓய்வு பெற்ற அன்று போட்டது, காலர் நைந்து வீட்டில் போட்டுக்கொள்வது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் மடித்துப் போட்டார். அத்தனையும் அப்படித்தான் இருந்தன.

போட்டிருந்ததையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அறுபத்துநாலு வயதில் ஒரு மனிதன் தன் தோளை முதல்முறையாகப் பார்த்தான்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"இது கீழே எறங்கியிருக்கு" என்றார்.

"அது எப்பவும் அப்படித்தானே."

"எப்பவுமா?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "தெரியாதுதான்" என்றாள். கல்யாணமான புதிதில் அவள் ஊசியிடம் கேட்டிருக்கிறாள். மதில் கதையை இவர் இருபதாவது தடவையாகச் சொல்லி எல்லோரும் சிரித்து முடித்த ஒரு நாள். "'எலும்பு சரியாக் கூடல தங்கச்சி. அவன்கிட்ட சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்'னார்."

"நாப்பது வருஷமாவா?"

"பாத்துக்கிட்டார்ல."

மீட்டர் சட்டையை மாட்டினார். பித்தான் மாறிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இரண்டாவது மாடியில் நின்று சரியாகப் போட்டார். கடைவீதிவரை பஸ்ஸில் போகலாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்க முடியாது. நடந்தார். நடக்கும்போது வலது தோளை இறக்கிப் பார்த்தார், இடதைத் தூக்கிப் பார்த்தார். எதிரில் வந்த ஒருவர், இவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நின்றார்.

மாஸ்டர் வெட்டி முடித்திருந்தார்.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்க சார். இனிமே தைக்கிறதுதான்."

"வெட்டினது எங்கே?"

"எது?"

"வலது தோள்ல எடுத்தீங்களே, அது."

பலகைக்குக் கீழே துண்டுத்துணி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மாஸ்டர் ஏதோ சொல்வதற்குள் மீட்டர் குந்தி உட்கார்ந்துவிட்டார். கோடு போட்டது, பூப்போட்டது, பள்ளிச் சீருடை, கறுப்பு லைனிங். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஐந்து மெஷினும் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவர் மோதிரமா என்று கேட்டார். கடைசியில் லைனிங்குக்கு அடியில் கிடைத்தது. விரல் நீளத்துக்குச் சற்று அதிகம். ஒரு முனையில் கட்டைவிரல் அகலம், மறுமுனையில் ஒன்றுமேயில்லை. வெளிர்நீலத்தின் ஓரத்தில் சாக்கட்டிக் கோடு இருந்தது. ஒரே இழுப்பில் போட்ட கோடு. எங்கும் நடுங்கவில்லை.

"இதைத் திரும்ப வெச்சுத் தைக்கணும்."

மாஸ்டர் அவரை எழுப்பி நாற்காலியைக் காட்டினார். மீட்டர் உட்காரவில்லை. தைக்க முடியாது, தையலுக்கே இரண்டு பக்கமும் துணி போய்விடும், பழைய அளவு வராது என்று மாஸ்டர் விளக்கினார். மீட்டர் பலகைமேல் இருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"சட்டைப்பைக்கு வெட்டின துணி இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுலேருந்து எடுங்க. அளவுக்கு இதை வெச்சுக்குங்க. தையலுக்கு மேல விட்டுக்குங்க."

"அப்ப பை வராதே சார்."

"வேண்டாம். நான் இனிமே எதை எழுதப்போறேன்?"

"ஒட்டுத் தெரியும்."

"தெரியட்டும்."

மாஸ்டர் யோசித்தார். கடைப் பெயர் போட்ட சீட்டைக் காலரில் வைக்கமாட்டேன் என்றார். வைக்கவேண்டாம் என்றார் மீட்டர். பிறகு மாஸ்டர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். கை இடது தோளில் அமர்ந்தது. நாடா சரசரத்தது.

"முக்கால் இஞ்சு" என்றார் மாஸ்டர். "அவர் வெட்டினது சரிதான் சார்."

"தெரியும்."

"எத்தனை வருஷமா இப்படி?"

மீட்டர் வாயைத் திறந்தார். மதிலில் ஏறியது, நீ முதலில் என்று அவன் சொன்னது, எல்லாம் வழக்கமான வரிசையில் நாக்குவரை வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

"அசையாதீங்க சார். இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நாடா வலது தோளுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை அசைந்துவிட்டார்.