கண்ணசர ஒரு மைதானம்

லாரியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் ஏறி நின்று, இரண்டு முறை தொண்டையைக் கனைக்கிறாள் டபுள் ஹார்ன். சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் பாதியில் திரும்பிப் பார்க்கிறார்கள். நாற்பத்தாறு வயது, பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறாள். அந்தக் குரலுக்காகவே சக ஓட்டுநர்கள் வைத்த பெயர்.

டயர்க்கடை வைத்திருக்கும் கொழுந்தனார் காலி டீசல் பீப்பாயில் தாளம் தட்ட, அவளே கட்டிய பாட்டு கிளம்புகிறது:

“உங்க வீட்டுக் கதவையும் நாங்கதான் ஏத்தி வந்தோம்,
நாங்க கண்ணசர ஒரு கதவு கொடுங்க!”

பாடும்போது இடது கால் தன்னால் கிளச்சைத் தேடும். தாளம் மாறும் இடத்தில் கை கியர் போடும்.

இரண்டு வருடத்துக்கு முன், சாலையோரம் வண்டியை நிறுத்திக் கணவரும் அவளும் கண்ணசந்தபோது திருடர்கள் ஏறினார்கள். தடுத்த கணவரின் தோளில் இரும்புக் கம்பி இறங்கியது. அன்றிலிருந்து அவள் ஷூவைக் கழற்றாமல்தான் படுக்கிறாள். தோளைத் தூக்க முடியாத அவருக்குப் பக்கத்து இருக்கைதான். வழி சொல்கிறார், பெரும்பாலும் தப்பாக.

ஊரோரம் சும்மா கிடக்கும் மைதானத்துக்குச் சுவர், விளக்கு, காவலாள், குளியலறை. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தூங்க அவள் கேட்டது அவ்வளவுதான். ஐயாயிரம் பேர் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றது நகரசபை. “வாயால கேட்டேன், ஒருத்தரும் நிக்கல. ஒருநாள் கடுப்புல இழுத்துப் பாடிக் கேட்டேன், பத்துப் பேர் நின்னுட்டாங்க!” என்கிறாள்.

நகரசபை கொடுத்த கெடு முடியும் முன் கடைசி ஞாயிறு. இன்னும் நூறு கையெழுத்து பாக்கி. பாட்டு சூடுபிடித்த நேரத்தில் கொட்டியது மழை. கூட்டம் சிதறியது. கணவர் கையெழுத்து நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

“அண்ணி, மூட்டை கட்டிடலாமா?”

“மூட்டையா? தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்க!” என்றவள் சந்தையைப் பார்த்துக் கத்தினாள்: “எல்லாரும் மேல ஏறுங்க, இங்க நனையாது!”

ஏறினார்கள். லாரிக்குள் தோளோடு தோள் இடிக்க நின்றவர்கள் முதலில் கைதட்டினார்கள், பிறகு கூடவே பாடினார்கள். துணிக்கடைக்கார அம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்தார். “லாரி நின்னா எங்க தெருவுக்குத்தானே தொல்லை?”

“அதுக்குத்தாம்மா தனி இடம் கேக்குறோம். உங்க வாசல்ல குறட்டை விட எங்களுக்கு மட்டும் ஆசையா?”

அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டதோடு கடையில் வேலை செய்யும் ஏழு பேரையும் கூப்பிட்டு ஏற்றினார். மழை விட்டபோது நோட்டில் பக்கம் தீர்ந்து, அட்டையிலும் பெயர்கள்.

நகரசபை மைதானத்தைக் கொடுத்துவிட்டது. ஏழு மாதம் கழித்து, ஒரு நண்பகலில், புதுச் சுவருக்குள் முதல் வண்டியாக நுழைந்தாள் அவள். பின்னால் பதினோரு லாரிகள். இறங்கி வந்த ஓட்டுநர்கள் அவள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா, ஒரு பாட்டு!”

“போங்கய்யா, தூக்கம் வருது!”

டபுள் ஹார்ன் இரண்டு ஷூக்களையும் கழற்றி, கேபினுக்கு வெளியே, படியில் ஜோடியாக வைத்துவிட்டுப் படுத்தாள்.