பரணில் ஒளித்த சாமி

கணவரின் வேலைக்காக, நாங்கள் இருவரும் மகனுமாகக் கறம்பக்குடியில் வாடகைக்குக் குடியேறியிருந்தோம். மழை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா, பரணில் இருந்த எங்கள் ஓலைப்பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே சின்னச் சிவப்புப் பாவாடை, கண்ணாடி வளையல், மஞ்சள்.

"செய்வினை!" என்று அலறினார். "இப்பவே கொண்டுபோய்க் கொளத்துல போடுங்க. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணுங்க."

சண்டை என்றாலே பயப்படும் என் கணவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஏங்க, இது எங்க வீட்டுப் புள்ள. இவரு தாத்தாகூடப் பொறந்தவ. கல்யாணம் ஆகாம கன்னியாவே செத்துப் போயிட்டா. வருஷா வருஷம் புதுப் பாவாடை வச்சுக் கும்புடுறோம்" என்றேன்.

"கோயில்ல இல்லாததெல்லாம் ஒரு சாமியா?"

"ஒங்க மாமியார் படத்துக்குத் தெனமும் பூ வைக்கிறீங்களே, அவங்க எந்தக் கோயில்ல இருக்காங்க?"

அவர் விருட்டென்று படியிறங்கிப் போய்விட்டார். அந்த மாதமே நாங்களாகக் காலி செய்தோம்.

என் சாமியை நானே ஒளித்து வைத்தால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் அடுத்து வீடு தேடியபோது, "எத்தனை பேரு?" என்று கேட்டவர்களிடம், "நாங்க மூணு பேரு, எங்க கன்னிப்புள்ளையோட நாலு" என்று விவரத்தை முதலிலேயே சொன்னேன். இரண்டு வீடுகளில் முகம் சுளித்தார்கள். வந்த வழியே திரும்பினோம். மூன்றாவது வீட்டுக்காரர், "புள்ளைய எங்கிட்டு வைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

கூடத்தில்தான். வாசலுக்கு நேராக, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில்.