குழந்தையைத் தொடாத மன்னி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமானால் அவள் அழகையோ படிப்பையோ யாரும் சொல்ல மாட்டார்கள். "என்ன மடி, என்ன ஆசாரம்!" என்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் புகழ் மொத்தமும் என் மன்னிக்கே போய்க்கொண்டிருந்தது.

மன்னி என் அண்ணாவின் மனைவி. பிரசவத்துக்காக முசிறியில் தன் அம்மா வீட்டுக்குப் போய், மூன்று மாதப் பிள்ளைக் குழந்தையோடு திரும்பி வந்தவள், வந்த நாள் முதல் காவேரிக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். விடியற்காலையில் ஒரு குளியல். குழந்தைக்குப் பால் கொடுத்தால் ஒரு குளியல். தொட்டில் துணி புடவையில் பட்டுவிட்டால் இன்னொன்று. தோய்த்து உலர்த்திய புடவையைக் கொடியிலிருந்து குச்சியால் எடுத்துக் கட்டிக்கொண்டால் அது மடி. அதன்பின் தோய்க்காத துணி, எங்கள் பேச்சில் விழுப்பு, எது பட்டாலும் மடி போச்சு. மறுபடி ஆற்றுக்கு ஓட வேண்டும். மன்னியின் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருந்தன.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மாட்டுப்பொண்ணா! நீங்க குடுத்து வெச்சவா" என்று அக்கம்பக்கத்து மாமிகள் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருவேன். மனோதத்துவம் எங்களுக்கு ஒரு பாடம். நமக்குத் தெரிந்த மனத்துக்கு அடியில் நமக்கே தெரியாத இன்னொரு மனம் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வெட்கப்படும் ஆசைகளையும் கோபங்களையும் அங்கே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம், அவை மறதியாக, கனவாக, காரணமில்லாத பயமாக வேஷம் மாற்றிக்கொண்டு வெளியே வரும் என்று எங்கள் பேராசிரியை நடத்தினார். எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்காமல் ஆராய ஆரம்பித்தேன். அண்ணா மாமனார் வீட்டில் குடையை மறந்துவிட்டு வந்தபோது, "மறதி இல்லை, உனக்கு அங்கே திரும்பிப் போக ஆசை" என்றேன். "உன்னைப் படிக்க வெச்சதுதான் எங்க மறதி" என்றான் அவன். ரயில்வேயில் வேலை அவனுக்கு. பாதி நாள் வண்டியோடு போய்விடுவான்.

மன்னிக்கும் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். மாமியார் மேல் இருக்கும் கோபத்தைக் காட்ட முடியாமல், மாமியாரையே மடியில் தோற்கடிக்கிறாள் என்று. ரொம்பச் சாமர்த்தியமான தீர்ப்பு. ஆனால் அதில் அடங்காத ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

விழுப்பு என்பது துணிக்குத்தான். துணியில்லாத பச்சைக் குழந்தைக்கு விழுப்பு கிடையாது. எங்கள் வீடுகளில் மடியாக இருக்கும் பெண்கள் குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு அள்ளிக் கொஞ்சுவார்கள். சாஸ்திரமே விட்டுவைத்திருக்கும் வழி அது. மன்னி ஒருநாள்கூட அந்த வழிக்கு வரவில்லை. பால் கொடுக்க உட்காரும்போதும், "அம்மா, நீங்களும் கூட இருங்கோ" என்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். கொடுத்து முடித்ததும் நெருப்பைத் தொட்டவள் மாதிரி எழுந்துவிடுவாள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடக்கும். உடம்பு தேறவில்லை. எல்லாரும் ஆசாரத்தைப் பார்த்தார்கள். குழந்தையின் விலா எலும்பை யாரும் பார்க்கவில்லை.

ஆடி மாதம். காவேரியில் புதுவெள்ளம் வந்து படித்துறையின் கீழ்ப்படிகள் முழுகிவிட்டன. கிணற்றடியிலேயே குளித்தால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அன்று பிற்பகல் குழந்தை வீறிட்டு அழுதான். மன்னி மடியாகக் கூடத்தில் நின்றிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சட்டையை உருவிப் போட்டேன். வெறும் உடம்போடு அவனை நீட்டி, "இந்தாங்கோ மன்னி. இப்போ என்ன விழுப்பு?" என்றேன்.

மன்னி பின்னால் நகர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் வாசலைத் தாண்டி ஆற்றை நோக்கி ஓடினாள்.

குழந்தையை அம்மாவிடம் போட்டுவிட்டு நானும் ஓடினேன். படித்துறையில் ஈ காக்கை இல்லை. செம்மண் நிறத் தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை வெள்ளம் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் நின்ற படிக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு படி, அப்புறம் கிடுகிடு பள்ளம் என்று எனக்குத் தெரியும்.

"குழந்தை எங்கே?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"அம்மாகிட்ட இருக்கான்."

"தனியா விட்டுட்டு வரலையே?"

"இல்லை. நீங்க மேலே வாங்கோ."

வரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவனைக் கையில எடுத்தா, இந்தக் கை அவனைக் கிணத்துல போட்டுடுமோன்னு தோண்றது. முசிறியில கிணத்தடியில நிக்கறச்சே மொதல்ல தோணித்து. அன்னிலேர்ந்து விடமாட்டேங்கறது. அலம்பி அலம்பிப் பார்த்துட்டேன். போகலை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ படிக்கறியே, சொல்லு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு ஆசை இருக்கா?"

விடை நாக்கு நுனியில் இருந்தது. இப்படிப்பட்ட பயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆசைதான் ஒளிந்திருக்கும் என்று போன வாரம்தான் குறிப்பு எடுத்திருந்தேன். பரீட்சையில் எழுதினால் முழு மார்க். அங்கே சொன்னால் அந்தக் கடைசிப் படியும் அவள் காலுக்கடியிலிருந்து போய்விடும். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

"எனக்குத் தெரியலை மன்னி. ஆனா போடறவா யாரும் குழந்தையை விட்டு இவ்வளவு தூரம் ஓடிவர மாட்டா" என்றேன். முழங்கால் வரை இறங்கிக் கையை நீட்டினேன். என் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாற்றுப் புடவை கட்டி மடியாகச் சாயங்காலத் தளிகைக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். பெருமாளுக்குச் சமர்ப்பிக்கும் சமையல். அந்த நேரத்தில் அவள் காற்றைக்கூடத் தொடமாட்டாள். மன்னி ஈரப் புடவையோடு சமையலறை வாசலில் நின்று, என்னிடம் சொன்ன அத்தனையையும் சொல்லிவிட்டாள். தடுக்க நினைத்தேன், முடியவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்பாளோ, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இவளை முசிறிக்கு அனுப்பிவிடுவாளோ என்று பயந்து மன்னியை ஒட்டி நின்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நேராகத் தொட்டிலுக்குப் போனாள். மறுபடி மாட்டிவிட்டிருந்த சட்டையும் ஈரத் துணியுமாகக் கிடந்த குழந்தையை அப்படியே வாரி எடுத்தாள். மன்னியைத் தரையில் உட்காரவைத்து அவள் கையில் குழந்தையைக் கொடுத்தாள். அந்தக் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மாவின் மடி போனதை அன்றுதான் நான் பார்த்தேன்.

"உன் ஆத்துக்காரன் பொறந்தப்போ நான் மாசக்கணக்கா கிணத்தடிக்கே போகலைடி" என்றாள். "வெளியில சொல்லலை. யார்கிட்ட சொல்றது?"

மன்னி வாய்விட்டு அழுதாள். குழந்தை அழவில்லை. அவள் கன்னத்தை ஈர விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

நான் சுவரோரமாக நின்றிருந்தேன். "நான் பொறந்தப்போ?" என்று அம்மாவைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. குடை மறந்தவனைக்கூட விடாமல் குடைந்தவள் நான். அதை அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.