தெரியாமல் போட்ட தையல்

தையல்காரிக்குக் கை சும்மா இருக்காது. கிழிசலைக் கண்டால் ஊசி தானாக விரலுக்கு வந்துவிடும். அந்தக் கைதான் அவளை வசமாக மாட்டிவிட்டது.

தங்கையின் புருஷன் கத்தியை வீசியிருக்கிறான். தங்கை விலகியதால் அவள் சட்டையின் விலாப்பக்கம் மட்டும் கிழிந்தது. "அடுத்த தடவை துணியோட நிக்காது" என்றானாம். தங்கை அக்கா வீட்டுக்கு ஓடிவந்தாள். அவளை உட்காரவைத்து, வேறு உடை கொடுத்துவிட்டு, தையல்காரி என்ன செய்தாள்? தன் நடுக்கம் அடங்கட்டும் என்று அந்தக் கிழிசலைத் தைத்தாள். தைத்த இடம் தெரியாமல் தைப்பதில் ஒரு பெருமை வேறு!

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்தின்னு சொல்றீங்க, சட்டை புதுசாட்டம் இருக்கு. குடும்பச் சண்டைம்மா, பேசித் தீத்துக்கங்க."

புகாரைக் கையால்கூடத் தொடவில்லை மனுஷன். வெளியே வந்தால், எதிர்க்கடையில் தங்கையின் புருஷன் நின்று சிரித்தான்.

அதன்பிறகு தையல் மெஷினைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத்தான் படுத்தார்கள். காற்றில் கதவு ஆடினாலும் தங்கை கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

கறுப்புக் கோட்டு தைக்க அளவு கொடுக்க வந்த வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஸ்டேஷன்ல வாங்கலைன்னா அதோட முடிஞ்சுதா? அதே புகாரை மேலதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. ரசீதைப் பத்திரமா வைங்க. அங்கயும் அசையலைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போடலாம். வழக்குப் பதியச் சொல்லி அவரே உத்தரவு போடுவார். தைச்சதை மட்டும் மறைக்காதீங்க."

தபால் போனது. ஒரு இலைகூட அசையவில்லை. மனு போட்டார்கள்.

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"கிழிசல் எங்கம்மா?" என்றார் மாஜிஸ்திரேட், மேஜைமேல் வைத்த சட்டையைப் பார்த்து.

"நான்தாங்கய்யா... தைச்சுட்டேன்."

பின்னால் ஒரு சிரிப்பு. யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பிரிச்சுக் காட்ட முடியுமா?"

உடையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். நூல் நூலாகத் தூக்கி அறுத்தாள். அக்குளிலிருந்து இடுப்புவரை சட்டை வாயைப் பிளந்தது. சிரிப்பு நின்றுபோனது.

வழக்குப் பதிய உத்தரவானது. அவன் எழுந்து வெளியே போனான். எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. பயம் இன்னும் கூடியது.

மேஜைமேல் சட்டை விரிந்து கிடந்தது. தையல்காரியின் கை பழக்கத்தில் கிழிசலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கப் போனது. தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. கிழிஞ்சே இருக்கட்டும்."